முதல் பைக் எது? கம்பத்திலிருந்து தினமும் மெட்டு ஏறி இறங்கும் வேலைக்கு

ஏலக்கணக்கு (கம்பம்)

எல்லோருக்கும் வணக்கம். அணக்கரைப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. வீடு கம்பத்தில். காலையில் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக ஏறி, சாயங்காலம் அதே வழியில் இறங்க வேண்டும். பஸ் நேரம் ஒத்துவரவில்லை. தோட்ட ஜீப்பில் இடம் கிடைப்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். வண்டி வாங்கியே ஆக வேண்டும்.

அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டிப் பழக்கம் உண்டு, கியர் வண்டி தெரியாது. எல்எல்ஆர் போட்டாயிற்று. உயரம் ஐந்தடி நாலு அங்குலம். கையில் எண்பதாயிரம் இருக்கிறது, மிச்சம் டியூ. நண்பர்கள் ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350 என்கிறார்கள். அம்மா ஸ்ப்ளெண்டர் என்கிறார். மாமா பேசாமல் கார் வாங்கு என்கிறார், பணம் மட்டும் அவர் தருவதாகச் சொல்லவில்லை. மலையில் இழுக்க வேண்டும், பார்க்கவும் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும். எது வாங்கலாம்?

மெட்டுச்சாலை (கம்பம்)

தம்பி, மலையில் இழுக்குமா என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. ஏறுவதற்கு எந்த வண்டியும் போதும். மருந்து கேனைக் கட்டிக்கொண்டு எக்ஸ்எல்லே மெட்டு ஏறுவதைத் தினமும் பார்க்கிறோமே. 100 சிசி வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறிவிடும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது சாயங்காலம் இறங்கும் கதையை.

மலையில் புதுசாக ஓட்டுகிறவர்கள் வேகத்தில் விழுவதைவிட, நிற்கும்போதும் திரும்பும்போதும் விழுவதுதான் அதிகம். வளைவில் பாதி திரும்பியிருப்பீர்கள், எதிரே ஜீப் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வரும், சட்டென்று நிற்க வேண்டும். காலை ஊன்றுகிற பக்கம் பள்ளமாக இருந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, சாயும்போது பிடித்து நிறுத்திவிடலாம். ஹன்டர் 181 கிலோ. ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பயில்வானாலும் பிடிக்க முடியாது, விட்டுவிட்டு விலகிக்கொள்வதுதான் புத்தி. கியர் எங்கே, கிளட்ச் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் காலத்தில் அந்த எடை வேண்டாம்.

என் ஓட்டு 100 அல்லது 125 சிசிக்கு. அதுவும் பழைய வண்டி. ஒரு வருஷம் கீறலும் அடியும் அது வாங்கட்டும், அப்புறம் எது வேண்டுமானாலும் வாங்குங்கள்.

ராயல் ரசிகன் (சின்னமனூர்)

அண்ணன் சொல்வதைக் கேட்டால் ஹன்டர் வாங்கியவன் எல்லாம் ரோட்டோரத்தில் கிடப்பது மாதிரி இருக்கிறது. ப்ரோ, நான் கற்றுக்கொண்டதே 350-ல்தான். அது 20 குதிரைத் திறன் உள்ள வண்டி, பறக்கிற சாதி இல்லை. 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைப்பதால் கிளட்சை விட்டாலே நகரும், சும்மா சும்மா அணையாது. புதுசாக ஓட்டுகிறவனுக்குப் பெரிய தலைவலி வண்டி நடு ஏற்றத்தில் அணைவதுதானே? அதோடு 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஹன்டர் 349 சிசி, அதற்குள் வந்துவிடும். இப்போது ஒரு பழைய வண்டி, அடுத்த வருஷம் ஒரு புது வண்டி என்று இரண்டு தடவை செலவு செய்வானேன்?

பெரியாறு டீச்சர் (வண்டிப்பெரியாறு)

அணையாது என்று தம்பி சொல்வது உண்மை. நான் சேர்க்க வேண்டியது சீட் உயரத்தைப் பற்றி. ஷோரூமில் அதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஹன்டரின் சீட் 790 மில்லிமீட்டர், ஹோண்டா ஷைன் 125-ன் சீட் 791. காகிதத்தில் ஒன்றுதான். ஆனால் ஷைன் 113 கிலோ. நடுவில் இருப்பது ஒரு ஆள் எடை. சமதளமான ஷோரூம் தரையில் உட்கார்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. வெளியே சரிவில் நிறுத்தச் சொல்லி, என்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிப் பாருங்கள். அப்போது தெரியும்.

சீட்டின் அகலத்தையும் பாருங்கள். உயரம் ஒன்றாக இருந்தாலும் சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து, பாதம் முழுக்கப் பதியாது. நான் ஐந்தடி ஒன்று. எனக்கு ஷைனில் இரண்டு பாதமும் பதிவதில்லை, இடது பாதம் முழுக்கப் பதிகிறது, அது போதும். வலது கால் பிரேக்கில் இருக்க வேண்டியதுதானே. ஐந்தடி நாலுக்கு 100, 125 வகையில் எதுவும் எட்டும். எக்ஸ்பல்ஸ் மாதிரி 825 மில்லிமீட்டர் வண்டிகளை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் அது எவ்வளவு அழகாகப் போனாலும் சரி.

இன்னொன்று. கம்பம்மெட்டு தாண்டினால் கேரளம். 2023 ஜூனிலிருந்து இங்கே கேமரா அபராதம் நடக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். கீழே யாரும் கேட்கவில்லை என்று மேலே வந்துவிடாதீர்கள்.

கேடிஎம் 07 (தேனி)

டியூக் 200 என்று ஒரு வண்டி இருப்பதை யாரும் சொல்லவே இல்லையே.

மெட்டுச்சாலை

தெரிந்தேதான் சொல்லவில்லை. 25 குதிரைத் திறன், 822 மில்லிமீட்டர் சீட், இதில் எட்டு போடப் பழகுவதா?

ஏலக்கணக்கு

டீச்சர் அக்காவுக்கு நன்றி, சரிவில் தள்ளிப் பார்க்கும் யோசனை நன்றாக இருக்கிறது. இன்னொரு சந்தேகம். 125 சிசி வரை ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கிடையாது என்கிறார்கள். மலைக்கு ஏபிஎஸ் வேண்டாமா? மழையில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம், ஸ்கூட்டர் வாங்கினால் கியர் தொல்லையே இல்லை என்று அக்கா வீட்டுக்காரர் சொல்கிறார். அது சரியா?

கூடலூர் ஒர்க்‌ஷாப் (கூடலூர், தேனி மாவட்டம்)

வண்டி ரிப்பேர் பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டர் முதலில். இறக்கத்தில் ஸ்கூட்டரை நீங்கள் விரும்பிய கியரில் பிடித்து வைக்க முடியாது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். மிச்சத்தை முழுக்க பிரேக்தான் சுமக்க வேண்டும். இரண்டு பேர், ஒரு மூட்டை என்று குமுளி மலையிலிருந்து லோயர்கேம்ப் இறங்கிவரும் ஸ்கூட்டர்கள் பிரேக் தீய்ந்த வாடையோடு என் பட்டறைக்கு வருவதுண்டு. ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்டுகிறார்கள், ஓட்டவே முடியாது என்று சொல்லவில்லை. தினமும் மெட்டு இறங்குகிறவருக்குக் கியர் வண்டிதான் நல்லது.

கியர் வண்டியிலும் அந்தச் சௌகரியத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சம் என்று சாவியை அணைத்து நியூட்ரலில் உருட்டுவார்கள். மிச்சமாகும் காசு பிரேக் ஷூவுக்கே போய்விடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டால் என்ஜினே வண்டியைப் பிடிக்கும். பிரேக் அவ்வப்போது தொட்டுவிடத்தான். விடாமல் லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி, கடைசி வளைவில் மிதித்தாலும் பிடிக்காது.

இப்போது ஏபிஎஸ். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை சிபிஎஸ் போதும் என்று வைத்தார்கள். சிபிஎஸ் என்றால் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பின் பிரேக்கை மட்டுமே நம்புகிற ஆளுக்கு அது நல்ல உதவி. ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஈரத்தில் முன் சக்கரம் பூட்டினால் அடுத்த நொடி தரையில்தான். ஆகவே ஏபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், இங்கேதான் மெட்டுச்சாலை அண்ணனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எடை குறைவு என்பதற்காக முன்னும் பின்னும் டிரம் பிரேக் உள்ள பழைய 100 சிசியைப் புதுப் பையனிடம் கொடுத்து, மழைக்காலத்தில் மெட்டு இறங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நடுவழி ஒன்று உண்டு. ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் என்று 2024-ல் வந்த வண்டியில், 125 சிசியிலேயே முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் உள்ள மாடல் கிடைக்கிறது. சீட் 794 மில்லிமீட்டர், எடை 136 கிலோ. ஷைனைவிடக் கனம், ஹன்டரைவிட 45 கிலோ குறைவு. பார்க்கவும் பையன் கேட்ட மாதிரி இருக்கும். வாங்கும்போது ஏபிஎஸ் மாடல்தானா என்று பில்லைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள், சிபிஎஸ் மாடலும் அதே பெயரில்தான் வருகிறது.

மெட்டுச்சாலை

ஒர்க்‌ஷாப் அண்ணே, டிரம் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாகப் பார்க்கட்டும். ஆனால் ஏபிஎஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் வளைவுக்குள் போய் பிரேக் போடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சாய்ந்திருக்கும் வண்டிக்கு, சாதாரண ஏபிஎஸ் அவ்வளவு தூரம் காப்பாற்றாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டுத் திரும்புகிற பழக்கம் வந்தால்தான் மலை. முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ள அந்த 125 மாடலில் பின் சக்கரத்துக்கு அது இல்லை என்பதையும் தம்பி மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புது வண்டியா பழைய வண்டியா என்பதில் நான் இன்னும் மாறவில்லை. புது வண்டியை முதல் மாதம் சாய்த்துவிட்டு, அந்தக் கீறலைப் பார்த்துப் பார்த்துப் பயந்து ஓட்டுவான். அந்தப் பயமும் கெடுதல்தான்.

ராயல் ரசிகன்

சரி, நானும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நான் கற்றுக்கொண்டது சின்னமனூர் பைபாஸில், நேர் ரோடு. மெட்டில் 350-ஐ வைத்துப் பழகு என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒரு வருஷம் கழித்து ஹன்டர் வாங்கும்போது என்னைக் கூப்பிடுங்கள்.

செங்கோட்டை எல்லை (செங்கோட்டை)

பழைய வண்டி என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆரியங்காவு, புனலூர் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். உங்கள் பக்கம் கேஎல் 37, கேஎல் 69 என்ற கேரள நம்பர் வண்டிகளைக் காட்டுவார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், விலையும் கம்மி. கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

வேறு மாநில வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆர்டிஓவிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும், அது 28-ஆம் நம்பர் படிவம். பெயர் மாற்றத்துக்கு 29, 30. டியூ இருந்த வண்டி என்றால் 35-ல் பைனான்ஸ்காரர் கையெழுத்து. இதற்கு மேல் இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு வேறு அலைச்சல். மலிவாகக் கிடைத்த பத்தாயிரம் இதிலேயே கரைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் என்ஓசி வாங்காமலே வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார், விற்ற ஆள் வெளிநாடு போய்விட்டார். தேனி நம்பரான டிஎன் 60 வண்டியாகவே பாருங்கள்.

புது வண்டியானாலும் ஷோரூம் விலையை மட்டும் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி ஒரு லட்சத்துக்குள் உள்ள இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், 2018-லிருந்து அப்படித்தான். எண்பதாயிரத்தில் ஹெல்மெட், மழைக்கோட்டு, கையுறைக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டு வண்டி பேசுங்கள்.

பெரியாறு டீச்சர்

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வரி. ஐஎஸ்ஐ முத்திரையில் ஐஎஸ் 4151 என்று இருக்கிறதா பாருங்கள். பனிக்காலத்தில் காலையில் மெட்டில் கண்ணாடி மூடுபனியாகிவிடும், காற்றுத் துளை உள்ளதாக வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

ஏலக்கணக்கு

நேற்று இரண்டு வண்டி பார்த்தேன். ஒன்று எக்ஸ்ட்ரீம் 125ஆர், ஏபிஎஸ் மாடல். இன்னொன்று தெரிந்தவர் வீட்டு ஷைன், முன்னால் டிஸ்க் உள்ளது, டிஎன் 60 நம்பர், ஒரே கை வண்டி. ஷோரூமில் சரிவில் நிறுத்தச் சொன்னதும் விற்பனைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். இருந்தாலும் நிறுத்திக் கொடுத்தான். எக்ஸ்ட்ரீமைப் பின்னால் தள்ள முடிந்தது, கஷ்டப்பட்டுத்தான். ஷைன் லேசாக வந்தது. ஹன்டரையும் பக்கத்துக் கடையில் தள்ளிப் பார்த்தேன். அதைப் பற்றி ராயல் ரசிகன் அண்ணனிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

மனசு ஷைன் பக்கம் சாய்கிறது. பழையதில் என்ன பார்க்க வேண்டும்? வாங்கியபின் எப்படிப் பழகுவது? எல்எல்ஆரை வைத்து மெட்டு ஏறலாமா?

கூடலூர் ஒர்க்‌ஷாப்

காலையில் என்ஜின் ஆறிப்போய் இருக்கும்போது போங்கள். போவதற்கு முன் போன் செய்தால் சூடாக்கி வைத்துவிடுவார்கள், என்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று விரலால் தடவிப் பாருங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் கழுத்தில் டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. மலையில் ஓடிய வண்டிக்குக் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். ஓட்டத் தெரிந்தவரை விட்டு மூன்றாம் கியரில் ஏற்றத்தில் முறுக்கச் சொல்லுங்கள், சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் போய்விட்டது. அது பெரிய செலவில்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம். கழுத்துச் சத்தத்தோடு வளைந்த ஃபோர்க்கும் இருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2020 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியா பிந்தையதா என்றும் சொல்லுங்கள். பிஎஸ்6 புகை விதி வந்தபிறகு கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டது. குளிரில் அது உடனே பிடித்துக்கொள்ளும். கார்பரேட்டர் வண்டி சோக் கேட்கும், ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து சரிபண்ணிவிடுவான்.

மெட்டுச்சாலை

எல்எல்ஆர் இந்தியா முழுக்கச் செல்லும், எல்லை தாண்டுவதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழிந்தபின் டெஸ்டுக்குப் போகலாம். எல் போர்டு ஒட்டுங்கள். பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, லைசென்ஸ் உள்ளவர் சொல்லிக்கொடுக்க உட்காரலாம், அவ்வளவுதான். டெஸ்டைக் கியர் வண்டியிலேயே கொடுங்கள். கியர் இல்லாத வண்டியில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினால் ஷைன் ஓட்ட அது செல்லாது. மேலே கேரளத்தில்கூட கையில் கியர் மாற்றும் எம்80-ல் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கும் காலம் 2024-ஓடு முடிந்துவிட்டது, கால் கியர் வேண்டும் என்றுவிட்டார்கள்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக முதல் வாரமே மெட்டு ஏறாதீர்கள். காலி மைதானத்தில் கிளட்ச் மட்டும். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விட்டு வண்டியை நகர்த்தி, மறுபடி பிடித்து நிறுத்தி, இதையே கை வலிக்கும் வரை. அப்புறம் கம்பம், கூடலூர் நேர் ரோடு. அப்புறம் லோயர்கேம்ப் போய் பவர்ஹவுஸ் குழாய் தெரிகிற சரிவில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும் பழக்கம். பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு, பாதி கிளட்சில் வண்டி இழுப்பது தெரிந்ததும் பிரேக்கை விட வேண்டும். இது கைவந்தால் பாதி மலை முடிந்தது.

முதலில் ஏறும்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போங்கள், தோட்ட ஜீப்புகள் குறைவு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி, ஜீப்காரருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன்.

பெரியாறு டீச்சர்

சபரிமலை சீசனையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. கூட்டம் கூடும் நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். அப்போது வெளியூர் வண்டிகள் மெட்டில் வரிசையாக நிற்கும், நீங்கள் நின்று நின்று ஏற வேண்டியிருக்கும். திரும்பும்போது குமுளி மலை, இரைச்சல் பாலம் பக்கம் தண்ணீர் கசிந்து ரோடு ஈரமாக இருக்கலாம். கார்த்திகைக்கு முன் லைசென்ஸும் கையும் தயாராகிவிட்டால் நல்லது.

ஏலக்கணக்கு

ஷைன் 2021 வண்டி. காலையில் ஆறிய என்ஜினோடு பார்த்தாயிற்று, கழுத்தில் சத்தம் இல்லை. கிளட்ச் கொஞ்சம் நழுவுகிறது, அதற்காக மூவாயிரம் குறைத்தார்கள். ஒர்க்‌ஷாப் அண்ணே, சனிக்கிழமை கூடலூர் கொண்டுவரலாமா?

கூடலூர் ஒர்க்‌ஷாப்

சனிக்கிழமை சந்தைக் கூட்டம், ஞாயிறு காலை வாருங்கள். நீங்கள் ஓட்டி வர வேண்டாம், தெரிந்தவரை ஓட்டச் சொல்லுங்கள். பிளேட்டோடு செயினையும் பார்த்துவிடலாம். பிரேக் ஒயரும் பின் ஷூவும் புதுசு போடச் சொல்வேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.